திறப்பு விழாவும் திறப்பும்

பஹ்மியாவைப் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் எழுதியதெல்லாம் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "சிறுவயது முதலே இயந்திரங்கள் மீது தீராத காதல் கொண்ட இவர்..." ஒரு மண்ணும் இல்லை. சிறுவயதில் அவளுக்குத் தீராத காதல் இருந்தது மாங்காய் அச்சாறின் மீது. கிண்ணியாவில் அவள் படித்த பெண்கள் பாடசாலையில் உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவு கிடையாது. இருந்த ஒரே கணித ஆசிரியரும் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆகவே கணக்கில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய பிள்ளை கலைப் பிரிவில் உட்கார்ந்து, எந்த மன்னன் எந்தக் குளத்தைக் கட்டினான் என்று பாடமாக்கினாள்.

பிறகு சீனன்குடாப் பக்கம், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்குத் தையல் படிக்கப் போனாள். அங்கே இருந்த எழுதுவினைஞர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "தையல் நிரம்பிட்டுது. கேக் அலங்காரமும் நிரம்பிட்டுது. படகு எஞ்சினுக்குத்தான் ஆளில்லை. சேருறீங்களோ?" வெளியே வெயில் கொளுத்தியது. அடுத்த கிண்ணியா பஸ் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. சேர்ந்துவிட்டாள். அந்தத் தீராத காதலின் முழுக் கதையும் இவ்வளவுதான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். முதன்முதலாக அவள் தன் கையால் கழற்றிப் பூட்டிய எஞ்சினைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் கயிற்றை இழுத்தபோது, அது இருமி, திணறி, பிறகு ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. பட்டறையே அதிர்ந்தது. பஹ்மியா வாய்விட்டுச் சிரித்தாள். அன்று கிண்ணியாப் பாலத்தால் பஸ் போகும்போது கையில் இருந்த கிரீஸைத் துடைக்க மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். உட்காரட்டுமே!

படித்து முடித்ததும் அதே நிலையத்தில் உதவிப் போதனாசிரியை ஆனாள். அந்த நாளிலிருந்து அவளுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. அது "முதல் பெண்" வேலை.

நிலையத்துக்கு ஒரு திட்டம் உதவி செய்தது. பொறியியற் கல்வியில் பெண்களின் பங்கேற்பை விரிவுபடுத்துவது அதன் நோக்கம். திட்ட அலுவலர் கஜீபன் நல்ல பொடியன். காதில் எப்போதும் போன், கையில் எப்போதும் பதாகை. யாராவது அதிதி வருகிறார் என்றால், பஹ்மியா திறந்து வைத்த எஞ்சினை அப்படியே போட்டுவிட்டு, முகம் கழுவி, தொப்பி போட்டு, பதாகைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். கையில் ஒரு ஸ்பனர் தருவார்கள். ஏதோ பழைய கப்பலில் இருந்து வந்த ராட்சத ஸ்பனர் அது. அந்தப் பட்டறையில் உள்ள ஒரு நட்டுக்கும் அது பொருந்தாது. "சின்னனைப் பிடிச்சா படத்தில தெரியாது அக்கா" என்பான் கஜீபன். முதல் பெண் போதனாசிரியை, முதல் முஸ்லிம் பெண் போதனாசிரியை, கிண்ணியாவின் முதல் பெண் போதனாசிரியை என்று மாறி மாறி வந்தது. இரண்டாவது ஒருத்தி மட்டும் வரவேயில்லை. வந்த பிள்ளைகள் எல்லாம் சேர்ந்த சுருக்கிலேயே படிப்பை விட்டு நின்றுவிட்டார்கள். நின்றவர்களுடைய பெயர்களுக்கு நேரே "ஆர்வமின்மை" என்று எழுதப்பட்டது.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கூச்சமான விசயம். ஆனால் பஹ்மியா வருசக்கணக்காகக் கூச்சப்பட்டு முடித்துவிட்டாள், நாமும் படத் தேவையில்லை. அந்த நிலையத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை.

ஆண்களுக்கு இருந்தது. பட்டறைக்குப் பின்னால், கதவு பாதி, கூரை பாதி. கந்தோரில் வேலை பார்த்தவர்களும் ஆண்கள்தான், அவர்களுக்கு அது போதும். தையல் வகுப்பு நடந்ததோ நகரத்தில், வேறு கட்டிடத்தில். ஆகவே பஹ்மியாவுக்கு ஒரே வழி, காவலாளி பக்கீர் நானாவின் வீடு. தண்டவாளத்தைத் தாண்டி, நாய்க்குப் பயந்து, குசினி வாசலில் "மாமி..." என்று இழுத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதுவும் ஒருநாள் முடிந்துபோனது. பக்கீர் நானாவின் மகளுக்குக் கலியாணமாகி, வழமைப்படி மருமகன் அந்த வீட்டுக்கே குடிவந்துவிட்டார். புதுமாப்பிள்ளை கூடத்தில் சாய்ந்திருந்து டீவி பார்க்கிறபோது, குறுக்கே நடந்து அந்த வேலைக்குப் போக எந்தப் பெண்ணுக்குக் கால் வரும்?

ஆகவே பஹ்மியா தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். காலையில் உம்மா தந்த தேத்தண்ணியில் பாதி, பிறகு மாலை வீடு திரும்பும்வரை ஒன்றும் இல்லை. ஒருமுறை காய்ச்சலும் எரிவுமாக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"தண்ணி குடிக்கிறேல்லையோ?" என்று கேட்டார் டொக்டர்.

"குடிச்சாப் போகோணுமே டொக்டர்" என்றாள்.

அவர் அது விளங்காமலே குளிசை எழுதிக் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார்.

இந்த நேரத்தில் திட்டம் ஒரு செயலமர்வு நடத்தியது. தலைப்பு: பெண்கள் ஏன் இடைவிலகுகின்றனர்? இடம்: நிலாவெளியில், கடலைப் பார்த்த ஒரு ஹோட்டல். பஹ்மியா போனதும் முதலில் அந்த ஹோட்டலின் கக்கூசைத்தான் பார்த்தாள். என்ன சொல்ல! வெள்ளைத் துவாய், வாசனைச் சவர்க்காரம், கதவில் உள்தாழ்ப்பாள். தேநீர் இடைவேளை முழுவதும் அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு எல்லாருக்கும் வர்ணத் தாள் கொடுத்தார்கள், இடைவிலகலுக்கு ஒவ்வொருவரும் ஒரு காரணம் எழுத வேண்டும். கலாசாரத் தடை என்று எழுதினார்கள். பெற்றோரின் மனப்பாங்கு, தன்னம்பிக்கைக் குறைவு என்றெல்லாம் எழுதினார்கள். பஹ்மியா மஞ்சள் தாளில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: கக்கூஸ்.

கஜீபன் அதைக் கையில் எடுத்து வாசிக்கத் தொடங்கினான். வாய் திறந்தது, மூடியது. "உட்கட்டமைப்புக் குறைபாடு" என்று வாசித்துவிட்டு, பலகையின் ஒரு ஓரத்தில் "ஏனையவை" என்ற தலைப்பின் கீழ் ஒட்டினான். பொடியனைக் குறை சொல்லக் கூடாது. அவன் அப்படி வாசித்ததால்தான் வெளிநாட்டு அதிதி ஒருத்தி "என்ன உட்கட்டமைப்பு?" என்று ஆர்வமாகக் கேட்டாள். கக்கூஸ் என்று வாசித்திருந்தால் கேட்டிருக்க மாட்டாள்.

கட்டினார்கள். சும்மா சொல்லக்கூடாது, அருமையாகக் கட்டினார்கள். தரைக்கும் சுவருக்கும் மாபிள், பெரிய கண்ணாடி, கை காயவைக்கக் காற்று ஊதும் பெட்டி. வாசலில் பெயர்க்கல். திறப்பு விழாவுக்கு மேளமும் வந்தது. தட்டில் கத்தரிக்கோல் ஏந்தி நின்றவள் வேறு யார், முதல் பெண்தான். பிரதம அதிதி நாடாவை வெட்டினார், உள்ளே எட்டிப் பார்த்தார், தலையாட்டினார், எல்லாரும் கை தட்டினார்கள்.

அதிதிகளின் வாகனங்கள் போனதும் நிலையப் பொறுப்பதிகாரி ஞானசேகரம் பஹ்மியாவைக் கூப்பிட்டார். கையில் ஒரு புதுப் பூட்டும், அதை மாட்டுவதற்கு ஒரு இரும்புக் கொண்டியும் வைத்திருந்தார்.

"பிள்ளை, உம்மட கையால இதைக் கதவில பூட்டி விடும். திறந்து கிடந்தாப் பாழாக்கிப் போடுவாங்கள். விசிற்றர்ஸ் வந்து போகிற இடம், சுத்தமா இருக்க வேணும்."

ஞானசேகரம் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை பிடிக்கவாவது சுகமாக இருந்திருக்கும். திறப்பு விழா முடிந்த கையோடு பூட்டின் திறப்பு அவருடைய இடுப்புச் சாவிக் கோர்வையில் ஏறியது.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், பஹ்மியாவுக்குக் கோபமே வரவில்லை. அவர் சொன்னது அவளுக்கு நியாயமாகவே பட்டது! வீட்டில் உம்மு குல்சும், அதுதான் அவளுடைய உம்மா, கண்ணாடி அலுமாரிக்குள் தங்கக் கரை போட்ட கோப்பைகளை அடுக்கி வைத்திருக்கிறாள். வாப்பா சவூதியில் இருந்து கொண்டு வந்தவை. பெருநாளுக்கு யாரும் பெரிய ஆட்கள் வந்தால் எடுப்பாள், போனதும் கழுவித் துடைத்து உள்ளே வைப்பாள். வாப்பா சாகும்வரை பிளாஸ்டிக் கோப்பையில்தான் குடித்தார். பஹ்மியாவும் தன் முதல் சம்பளத்தில் ஒரு கண்ணாடித் தட்டுச் செற் வாங்கி, பெட்டியைக் கூடத் திறக்காமல் அதே அலுமாரியில் வைத்தவள்தான். நல்ல பொருள் வாறவைக்கு. நாங்கள் வீட்டாக்கள்தானே. அந்தப் புத்தியில் நாலு ஸ்குருவையும் இறுக்கி முடுக்கிக் கொண்டியைப் பூட்டினாள். வேலை சுத்தமாக இருந்தது, ஞானசேகரம் மெச்சினார்.

இப்படி இருக்கும்போதுதான் தர்சிகா வந்தாள்.

கப்பல்துறை ஊர்ப் பிள்ளை. உயர்தரத்தில் கணிதம் செய்து, பல்கலைக்கழகத்துக்கு மயிரிழையில் தவறியவள். வாயில் இருந்து வருகிற சொல்லை இரண்டுதரம் கேட்டால்தான் விளங்கும், அவ்வளவு மெல்லிய குரல். ஆனால் எஞ்சினுக்கு முன்னால் நின்றால் வேறு ஆள். பஹ்மியாவுக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். இரண்டாவது வந்துவிட்டாள்! இனி அந்த ராட்சத ஸ்பனரைப் பிடிக்க இன்னொரு சோடிக் கை இருக்கிறது என்பதற்காக மட்டும் அல்ல. ஒரு சோதனைக்கு, சிரித்துக்கொள்ள ஒரு பகிடிக்கு, "இண்டைக்கு வயித்துக்குள்ள குத்துது" என்று சொல்வதற்கு, ஒரு பெண் பிள்ளை பக்கத்தில் இருக்கிறாள்.

அந்தப் பிள்ளை மத்தியானமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். கண்டி வீதியால் வெயிலில் மிதித்துத் திரும்பி வரும்போது பின்னேரச் செய்முறை பாதி முடிந்திருக்கும். சில நாள் வராமலே விட்டுவிடும். வரவு குறைந்தால் இறுதிச் சோதனைக்கு இருக்க ஏலாது. பஹ்மியா கூப்பிட்டு ஏசினாள். ஏசி முடியும்வரை தர்சிகா நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் நாளையில இருந்து வரேல்லை மிஸ்."

"ஏன்? ஆரும் ஏதும் கதைச்சவங்களா?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு ஏலாது மிஸ். காலமையில இருந்து அடக்கிக்கொண்டு நிக்க ஏலாது. வயித்துக்குள்ள கல்லு மாதிரி நோகுது. சைக்கிள் மிதிக்கவும் ஏலாது." பிறகு, இன்னும் மெல்ல, "நீங்கள் எப்பிடி மிஸ் இவ்வளவு காலமும் இருந்தனீங்கள்?"

பஹ்மியா சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. இந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே யாரோ ஒருவர் "ஆர்வமின்மை" என்று எழுதப்போவது அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. நேரே கந்தோருக்குப் போனாள்.

"சேர், அந்தத் திறப்பைத் தாங்கோ."

"ஒரு நாளைக்கெண்டாத் தரலாம் பிள்ளை. வழக்கமாக்கக் கூடாது" என்றார் ஞானசேகரம். பிறகு யோசித்து, பெரிய மனது பண்ணினார். "சரி, தேவைப்படுகிற நேரம் அந்தப் பிள்ளையை என்னட்ட வந்து கேட்கச் சொல்லும். நான் தருவன். திரும்பக் கொண்டுவந்து தரவேணும்."

எழுதுவினைஞர்கள் வரிசையாக இருந்து தலை நிமிர்த்திப் பார்க்கிற கந்தோருக்குள், ஒரு இருபது வயதுப் பெண் பிள்ளை நடந்து வந்து, மேசைக்கு முன்னால் நின்று, "சேர், திறப்பு" என்று கேட்க வேண்டும். வேலை முடிந்து திரும்பக் கொண்டுவந்து கொடுக்கவும் வேண்டும். அந்தப் பிள்ளை செத்தாலும் கேட்காது. பஹ்மியாவே இந்த வயதில் கேட்க மாட்டாள்.

"ஏன் சேர், நாங்கள் பாவிச்சா அது பழுதாகிப் போகுமா?"

"உங்களுக்கெண்டுதானே பிள்ளை அதைக் கட்டினது!" என்றார் ஞானசேகரம், உண்மையிலேயே மனம் நொந்து. "அதாலதான் இவ்வளவு பவுத்திரமா வச்சிருக்கிறன்."

பஹ்மியா வெளியே வந்தாள். வெயிலில் அந்தப் பெயர்க்கல் பளபளத்தது. உம்மாவின் அலுமாரி ஞாபகத்துக்கு வந்தது. கோப்பைகள் மட்டுமா உள்ளே இருந்தன? ஆட்கள் வந்தால் எடுத்துத் துடைத்து, தொப்பி போட்டு முன்னால் வைப்பது, போனதும் பழையபடி உள்ளே. சீ! இத்தனை வருசமாக நானும் அதுக்குள்ளதான் இருந்தனானா? அவளுக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னால் கோபமும் வந்தது. கோபம்தான் தங்கியது.

பட்டறைக்குப் போய் ஸ்குரு டிரைவரை எடுத்தாள். பூட்டில் கை வைக்கவில்லை. பூட்டியவளுக்குக் கழற்றத் தெரியாதா? நாலு ஸ்குருவையும் ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தாள். கொண்டியோடு சேர்ந்து பூட்டு முழுசாகக் கையில் வந்தது. அதைக் கொண்டுபோய் ஞானசேகரத்தின் மேசையில் வைத்தாள்.

அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "என்ன வேலை பார்த்திருக்கிறீர்? அரசாங்கச் சொத்தை உடைச்சுப் போட்டு வந்து நிக்கிறீர்?"

"ஒண்டையும் உடைக்கேல்லை சேர். வடிவாப் பாருங்கோ. பூட்டு பூட்டினபடியேதான் இருக்கு."

அவர் பார்த்தார். பூட்டு பூட்டினபடியேதான் இருந்தது. அவருடைய இடுப்பில் திறப்பும் பத்திரமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு மட்டும் காணாமல் போயிருந்தது. எழுதுவினைஞர் ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார்.

"திரும்பப் பூட்டி விடும்" என்றார் ஞானசேகரம் கடைசியில். நிலையத்தில் அந்த மாதிரி வேலைக்கு வேறு ஆளும் கிடையாதே.

"ஓம் சேர்" என்றாள் பஹ்மியா பணிவாக. "அடுத்த மாதம் பூட்டி விடுறன்."

அடுத்த மாதம் என்பது அந்தக் கந்தோருடைய சொந்தச் சொல். கக்கூஸ் எப்போது வரும் என்று அவள் கேட்ட போதெல்லாம் அவளுக்குக் கிடைத்த சொல். 

தர்சிகா மறுநாள் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். சைக்கிள் மாலைவரை மரத்தடியில் சும்மா நின்றது. மாபிளில் கால் அடையாளம் பட்டது, சவர்க்காரம் தேய்ந்தது, காற்று ஊதும் பெட்டியில் கிரீஸ் கை பதிந்தது. பஹ்மியா மாறி மாறிக் கழுவ முறை போட்டாள். வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்து தங்கக் கரைக் கோப்பை ஒன்றை எடுத்துத் தேத்தண்ணி ஊற்றினாள்.

"அல்லாஹ்வே, மகள், ஆரு வந்திருக்கிறது?" என்று ஓடி வந்தாள் உம்மா.

"நான்தான் வந்திருக்கிறன் உம்மா" என்று சொல்லிவிட்டு, கோப்பை நிறையக் குடித்தாள்.

பிறகு அந்த வெளிநாட்டு அதிதி வருகிற நாள் வந்தது. ஞானசேகரம் விடியவே வந்து, "இண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஒருத்தரும் உள்ளுக்குப் போகவேண்டாம்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். பஹ்மியா போத்தல் தண்ணீரை எடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே, அடிவரை குடித்தாள்.

அதிதி வந்தாள். கொழும்பில் இருந்து நெடும் பயணம். பதாகையைப் பார்த்தாள், ஸ்பனரைப் பார்த்தாள், கஜீபனின் காதில் ஏதோ மெல்லக் கேட்டாள். கஜீபன் முகம் மலர்ந்து அந்தப் பக்கம் கை காட்டினான். ஞானசேகரம் முன்னால், அதிதி நடுவில், படம் பிடிப்பவர் பின்னால் என்று எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். கதவடியில் பஹ்மியா நின்றுகொண்டிருந்தாள். கதவு மூடியிருந்தது.

ஞானசேகரம் தள்ளிப் பார்த்தார். திறக்கவில்லை. தட்டினார்.

உள்ளே இருந்து பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"ஆள் இருக்கு!"

தர்சிகாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. பஹ்மியாவுக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. அதிதி திடுக்கிட்டு, உள்ளே என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். கஜீபன் பாவம், வியர்த்துப் போனான். பெண்கள் நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று சொல்கிறா, எங்கள் பிள்ளைகளின் சுலோகம் அது, என்று ஆங்கிலத்தில் எடுத்துவிட்டான். அதிதி நெஞ்சில் கை வைத்தாள். இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டு, போனில் பதிந்துகொண்டாள். அடுத்த வருசப் பதாகையில் என்ன எழுதியிருக்கும் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

கதவு திறந்தது. கையில் ஈரம் சொட்ட தர்சிகா வெளியே வந்து, இவ்வளவு கூட்டத்தையும் கண்டு விறைத்துப்போனாள்.

"தங்கச்சி, அப்பிடியே அந்த ஸ்பனரை ஒருக்காப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ" என்றார் படம் பிடிப்பவர்.

"ஏலாது, எஞ்சினைக் கழட்டி வச்சிட்டு வந்தனான்" என்று பழைய மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, எல்லாரையும் விலக்கிக்கொண்டு பட்டறைக்குள் போய்விட்டாள்.

ஞானசேகரம் அவசரமாகக் கதவை அகலத் திறந்து பிடித்து, அதிதிக்குக் கை நீட்டி வழி காட்டினார். பஹ்மியா குறுக்கே வந்து வாசலில் கால் வைத்தாள்.

"பிள்ளை!" என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு. "அதிதி நிக்கிறா."

"நிக்கட்டும் சேர். நான்தானே முதல் பெண். அவ எனக்குப் பிறகு."

உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். ஒரு நிமிடமும் ஆகவில்லை, வெளியே யாரோ மெல்லத் தட்டினார்கள். பஹ்மியா அவசரப்படவில்லை.

"ஆள் இருக்கு!" என்றாள்.